தாய்லாந்தில் நிலம் யாருக்கு?

2022 அக்டோபர் 25ந் தேதி தாய்லாந்து மந்திரிசபை ஒரு நகல் விதிக்குக் கொள்கையளவில் சம்மதம் தந்தது. 4 கோடி பாத் பணத்தை அந்நாட்டில் மூன்று வருஷம் முதலீடு செய்து வைக்கும் வெளிநாட்டவர், குடியிருப்புக்காக ஒரு 'ராய்' நிலத்தைச் சொந்தமாக வாங்கிக் கொள்ளலாம் என்பதே அந்த விதி. ஒரு ராய் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 40 சென்ட். நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. இரண்டே வாரத்தில், நவம்பர் 8ந் தேதி, சர்க்கார் நகலை வாபஸ் வாங்கியது.

ஜனங்களின் குரலுக்குக் கிடைத்த வெற்றி இது, ஐயமில்லை. ஆனால் விஷயம் அத்தோடு முடிந்துவிட்டதா?

முடியவில்லை. 2022இல் எதிர்க்கட்சியாக இருந்து இந்த விதியைச் சாடிய பியூ தாய் கட்சி, 2023இல் ஆட்சிக்கு வந்தது. 2024இல் அதே கட்சியின் சர்க்கார், குடியிருப்பு நிலக் குத்தகையை 30 வருஷத்திலிருந்து 99 வருஷமாக நீட்டலாமா, அடுக்குமாடி வீடுகளில் வெளிநாட்டவர் பங்கை 49 சதவீதத்திலிருந்து 75 சதவீதமாக உயர்த்தலாமா என்று ஆராயும்படி உள்துறை இலாகாவைக் கேட்டது. 99 வருஷக் குத்தகை என்றால் மூன்று தலைமுறை. பத்திரத்தில் பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, மண்ணை அனுபவிப்பவன் யார் என்பதல்லவா கேள்வி?

'அந்நியச் செலாவணி வரும், வேலை பெருகும்' என்பது ஆள்வோரின் வாதம். இது பழைய பாட்டு. 2002ஆம் வருஷத்திலேயே இதே 4 கோடி பாத், ஒரு ராய் என்ற விதி அங்கே வந்தது. அந்தப் பணத்தைச் சர்க்கார் கடன் பத்திரத்தில் போட்டு வைத்தாலும் போதும் என்றது விதி. கடன் பத்திரத்தில் கிடக்கும் பணம் எத்தனை பேருக்கு வேலை தரும்?

4 கோடி பாத் எவ்வளவு பெரிய தொகை? 2022 அக்டோபரில் பூக்கெட், சோன்புரி மாகாணங்களில் நாட்கூலியின் குறைந்தபட்ச அளவு 354 பாத். நாட்டிலேயே உயர்ந்த விகிதம் அதுதான். அந்தக் கூலியாள் வருஷம் முழுவதும் ஒருநாள் கூட ஓயாமல் உழைத்து, ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும், 4 கோடியை எட்ட 300 வருஷத்துக்கு மேல் ஆகும்! அதே பூக்கெட்டிலும் சோன்புரியைச் சேர்ந்த பட்டாயாவிலும்தான் கடலோர மாளிகைகளுக்குச் சீமான்கள் போட்டி போடுகிறார்கள். மனை விலை ஏறினால் வாடகையும் ஏறும். அந்தக் கூலியாள் எங்கே குடியிருப்பான்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பர்மாவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வந்த லட்சக்கணக்கான தொழிலாளர்கள் தாய்லாந்தின் மீன் பதனிடும் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் ரப்பர் தோட்டங்களிலும் வியர்வை சிந்துகிறார்கள். அவர்களும் அங்கே வாழும் வெளிநாட்டவரே. அவர்களுக்கு ஒரு குடிசை போட இடம் தர வேண்டும் என்று எந்த மந்திரியும் நகல் விதி எழுதவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு வெளிநாட்டவன் தெரியவில்லை. அவன் பணப்பை மட்டுமே தெரிகிறது.

ஆகவே, 'அந்நியன் வருகிறான்' என்ற கூச்சலோடு நின்றுவிட்டால் ஏமாந்து போவோம். உள்நாட்டுச் சீமான்களின் கதை என்ன? பட்டா நிலத்தில் 60 சதவீதத்துக்கு மேல், நிலவுடைமையாளரில் மேல்தட்டுப் 10 சதவீதத்தினர் கையில் இருப்பதாகத் தம்மசாட் பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வு காட்டியது. 2019இல் நிலவரிச் சட்டம் வந்தது. உடனே பாங்காக் நகரின் நடுவே, பெரும் விலை பெறும் காலி மனைகளில் வாழையும் எலுமிச்சையும் முளைத்தன! விவசாய நிலம் என்று கணக்குக் காட்டி வரியைக் குறைத்துக் கொள்ளும் தந்திரம் இது. உண்மையான விவசாயிக்கோ குத்தகையும் கடனும்தான் விளைச்சல்.

இந்த விவசாயிகள் வாய்மூடி இருந்தவர்கள் அல்ல. 1974இல் அவர்கள் சம்மேளனம் அமைத்துப் போராடினார்கள். அந்த வருஷமே குத்தகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1975இல் நிலச் சீர்திருத்தச் சட்டமும் பிறந்தன. அதற்கு அவர்கள் கொடுத்த விலை ரத்தம். 1975இல் சம்மேளனத் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1976 அக்டோபர் ராணுவப் புரட்சிக்குப் பின் இயக்கமே நசுக்கப்பட்டது.

உழுதவன் நிலம் கேட்டபோது துப்பாக்கி பேசியது. பணக்காரன் கேட்குமுன்பே மந்திரிசபை கூடுகிறது. வர்க்க ஆட்சி என்பதை விளக்க இதைவிட வேறு சான்று தேவையில்லை.

வாபஸ் வாங்கிய விதி வேறு பெயரில் திரும்பி வரும். முதலில் சொந்தம் என்றார்கள்; பிறகு குத்தகை என்றார்கள். இந்தச் சூழ்ச்சியைத் தடுக்க வல்லது விழிப்புள்ள மக்கள் ஒற்றுமை ஒன்றே. தாய்லாந்து விவசாயியும், அவன் அருகே கூலிக்கு உழைக்கும் பர்மியத் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்று கேட்கட்டும்: நிலம் பணத்துக்கா, உழைப்புக்கா? அந்தக் கேள்வியில் உலகத்து உழைப்பாளிகள் அனைவரும் அவர்கள் பக்கமே.