குக்கருக்குள் ஒரு பாத்திரம்

சென்ற மாதம் என் மனைவிக்குக் கீழ்வரிசையில் நான்கு பற்களை எடுத்தார்கள். கடித்துச் சாப்பிட முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் கொடுத்த ஆப்பிள்கள் வீட்டில் நிறைய இருந்தன. வேகவைத்து மசித்துக் கொடுக்கலாமே என்று, வேலையில் இருந்த காலமெல்லாம் அடுப்பங்கரைப் பக்கம் போகாத நான் களத்தில் இறங்கினேன்.

ஆறு ஆப்பிளை நறுக்கி நேராகக் குக்கரில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடினேன். விசில் வரவில்லை. வெயிட்டின் அடியில் நுரை கொப்பளித்தது; பிறகு அதுவும் நின்றது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்த மனைவி முதலில் அடுப்பை அணைத்தாள். வெயிட்டைத் தூக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். நன்றாக ஆறிய பிறகு திறந்து பார்த்தால், ஆவிக் குழாயில் ஆப்பிள் தோல் அடைத்திருந்தது!

குக்கரோடு வரும் சிறு புத்தகத்தை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? ஆப்பிள் கூழை நேரடியாக வைக்காதீர்கள் என்று பல குக்கர் புத்தகங்களிலேயே இருக்கிறது. ஆப்பிள் வெந்ததும் குழைந்து நுரைத்துப் பொங்கும். அது குழாயை அடைத்தால் ஆவி வெளியேற வழியில்லை. அதன் பிறகு நம்மைக் காப்பது சேஃப்டி வால்வு ஒன்றுதான்.

அதற்காகக் குக்கரையே ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. சாதமும் பருப்பும் வைப்பதுபோல் உள்ளே பாத்திரம் வைத்தால் போதும். குக்கரின் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர். தோலும் விதையும் நீக்கிய மூன்று ஆப்பிளை, மூன்று ஸ்பூன் தண்ணீருடன் பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் போட்டு, மேலே ஒரு தட்டு மூட வேண்டும். மூன்று விசில். ஆவி தானாக அடங்கட்டும். பருப்பு மத்தால் மசித்தால் கூழ் தயார். சர்க்கரை தேவையே இல்லை.

கைபேசி வீடியோவில் இரண்டு நிமிடத்தில் காட்டுகிறவர்கள் இந்தப் பாத்திரத்தைச் சொல்வதில்லை. ஓய்வுபெற்ற பிறகு சமையலறைக்குள் நுழையும் என் போன்றவர்கள் அவசியம் நுழையத்தான் வேண்டும். ஆனால் நாற்பது வருடம் அங்கே நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தை கேட்கக் கௌரவம் தடுத்தது.

மறுநாள் கேட்டுச் செய்தேன். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "பட்டை கொஞ்சம் தூக்கல்" என்றாள்.