பெயரை விற்காதீர்கள், வாட்டைச் சொல்லுங்கள்

ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு எந்த லேப்டாப்பில் இருந்தாலும் 4060தான், அந்தப் பெயர் போட்டதில் விலை குறைந்ததை வாங்கினால் போதும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. வாட், வெப்பம் என்பதெல்லாம் நகரத்துக்காரர்களின் வீண் பேச்சு, பழவேற்காடு போன்ற மீனவ ஊர்களில் கேம் ஆடும் பிள்ளைகளுக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை என்றும் அதன் ஆசிரியர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். முதலாவது தவறான தகவல். இரண்டாவது அநியாயம். பழவேற்காட்டுப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் லேப்டாப்களைத் திறந்து பழுது பார்ப்பவன் என்ற முறையில் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். 2023இல் வந்த லேப்டாப் 4060க்கு என்விடியா வெளியிட்ட விவரத்திலேயே மின்சக்தி 35 முதல் 115 வாட் வரை என்று இருக்கிறது. உச்ச வேகம் 1,470 முதல் 2,370 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் எங்கே நிறுத்துவது என்பதை லேப்டாப் தயாரிக்கும் நிறுவனம் முடிவு செய்கிறது. அடிமட்டத்தில் ஓடும் 4060ஐவிட உச்சத்தில் ஓடும் 4060இன் வேகம் 61 சதவீதம் அதிகம். இரண்டின் பெட்டியிலும் ஒட்டியிருப்பது ஒரே ஸ்டிக்கர். இந்த விவரத்தைப் படிக்காமல் ஒருவர் வாங்கும் ஆலோசனை எழுதினால் அது பொறுப்பின்மை. படித்துவிட்டும் எழுதாமல் விட்டால் அதைவிட மோசம்.

கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 4070க்குப் போகலாம் என்கிறார். கண்ணைத் திறந்து கணக்குப் போடுவோம். லேப்டாப் 4070இல் 4,608 கோர்கள், உச்ச வேகம் 1,230 முதல் 2,175 மெகாஹெர்ட்ஸ் வரை. 4060இல் 3,072 கோர்கள். கோர் எண்ணிக்கையை வேகத்தால் பெருக்கினால், குறைந்த வாட்டில் கட்டிப்போட்ட 4070, முழு வாட்டில் ஓடும் 4060ஐவிடக் கீழே நிற்கிறது. கிராபிக்ஸ் நினைவகம் இரண்டிலும் அதே 8 ஜிபி. மேசைக் கணினியின் 4070இல் 5,888 கோர்களும் 12 ஜிபி நினைவகமும் உண்டு. லேப்டாப் 4070 அதன் பெயரைத்தான் வாங்கியிருக்கிறதே தவிர அதன் சில்லை வாங்கவில்லை. இவர் சொல்கிறபடி வாங்குகிற குடும்பம் கூடுதல் பணம் கொடுத்து மெதுவான லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவர நேரலாம்.

ஏறத்தாழ 100 வாட்டுக்கு மேல் போனால் 4060இல் பெரிய லாபம் இல்லை என்று அவர் சொல்லும் இடத்தில் எனக்கும் பெரிதாக மறுப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு யாருக்குப் பயன்படும்? தன் லேப்டாப் எத்தனை வாட் என்று தெரிந்தவருக்கு மட்டும். அதைக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே எண்ணைத் தன் வாதத்துக்குச் சாட்சியாக அழைப்பது நேர்மையில்லை. முன்பு குறைந்த வாட் மாடல்களின் பெயரிலேயே மேக்ஸ்-க்யூ என்ற அடையாளம் இருந்தது. 2021இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வந்தபோது அந்த அடையாளம் பெயரிலிருந்து போய்விட்டது. பெயரிலிருந்து தெரியாத காலத்தில், கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்றுதான் வாங்குகிறவருக்கு மிஞ்சிய பாதுகாப்பு. அதையும் பிடுங்குகிறது இவர் ஆலோசனை.

அடுத்தது வெப்பம். அவர் காட்டும் ஃபிரேம் கணக்கெல்லாம் குளிர்ந்த அறையில் எடுத்தவை. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்திலோ கோரைக்குப்பத்திலோ சிமென்ட் ஷீட் போட்ட வீட்டில், கத்திரி வெயிலில், அந்தக் கணக்கு நிற்காது. லேப்டாப் விசிறி உள்ளே இழுப்பது அறையின் காற்றைத்தான். 24 டிகிரி அறைக்கும் 36 டிகிரி அறைக்கும் உள்ள 12 டிகிரி வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே சில்லின் மேல் ஏறுகிறது. வெப்ப எல்லையைத் தொட்டதும் கார்டு தானாகவே வாட்டைக் குறைத்துக்கொள்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமையும் 16.7 மில்லிநொடிக்குள் வரைந்து முடித்தாக வேண்டும். வாட் இறங்கினால் அந்தக் கெடு தவறுகிறது, திரை திக்குகிறது.

இதோடு உப்புக்காற்று. அடிமூடியைக் கழற்றினால் விசிறிக்கு எதிரே இருக்கும் மெல்லிய தகடுகளின் இடுக்கில் நூல்பஞ்சும் பொடிமணலும் ஈர உப்பும் சேர்ந்து அடை கட்டியிருக்கும். பிரஷ்ஷால் தட்டினால் உதிராது, மெல்லப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். செம்புக் குழாயின் ஓரங்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சரியாகப் பராமரிக்காதவர் குற்றம் என்கிறார் கட்டுரையாளர். ஜன்னலைத் திறந்தால் உப்பு, மூடினால் புழுக்கம் என்கிற வீட்டில் இருப்பவரைக் குற்றவாளி ஆக்குவதை என்னால் ஏற்க முடியாது. விலை குறைப்பதற்காக ஒற்றை விசிறியும் மெல்லிய உடம்பும் கொடுத்த லேப்டாப்பைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும். அதைத்தான் இவர் வாங்கச் சொல்கிறார்.

கரன்ட் போனால் பேட்டரியில் ஆடலாம் என்பது இன்னொரு தவறான வாக்கு. விமானத்தில் கொண்டுபோகும் விதியை ஒட்டி லேப்டாப் பேட்டரிகள் 100 வாட்-மணிக்குள்ளேயே நிற்கின்றன. 100 வாட் இழுக்கும் கார்டும் பிராசசரும் முழுசாக ஓடினால் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் பிளக்கை எடுத்ததுமே கார்டின் சக்தியைக் குறைத்துவிடுகிறார்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் இதை மறைத்து ஒருவருக்கு யோசனை சொல்லக் கூடாது.

கடைசியாக, மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இது போதும் என்ற தீர்ப்பு. ஏரியின் முகத்துவாரம் மண் மூடினால் பிழைப்பு பாதி. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. இப்படி வரும் வருமானத்தில், லட்சத்தை ஒட்டிய விலையில் ஒரு லேப்டாப் என்றால் அது தவணையிலும் கடனிலும் வருவது. ஏமாந்தால் மாற்றி வாங்க வழியில்லாத வீட்டுக்குத்தான் நுணுக்கம் முதலில் தேவை. ஏரியில் வலை வாங்கப் போகிறவர் வலையின் பெயரோடு நிற்கமாட்டார், கண்ணி அளவு என்ன என்று கேட்பார். அந்தக் கேள்வி கேட்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு வாட் புரியாது என்று நினைப்பது கட்டுரையாளரின் அறியாமை.

2011 செப்டம்பர் 15 அன்று அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது பழவேற்காடு இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில். அந்தக் கணினிகளில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அவற்றில் கை பழகியவர்கள் வீட்டில்தான் இன்று தங்கள் பணத்தில் முதல் கிராபிக்ஸ் கார்டு லேப்டாப் வாங்குகிறார்கள். அதில் பிளெண்டரில் உருவம் செய்யலாம், வீடியோ வெட்டலாம், கேமும் ஆடலாம். 2025இல் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்த அதே சட்டத்தில் இ-ஸ்போர்ட்ஸை முறையான போட்டியாக ஏற்றிருக்கிறது. விளையாட்டு என்பதற்காக எதையும் தலையில் கட்டலாம் என்ற நினைப்புக்கு இனி இடமில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறக்கச் சொல்லுங்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர் என்ற வரியில் வாட் இருக்கும். ரேம் ஒற்றைக் குச்சியா இரட்டையா, விசிறி எத்தனை என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடையை விட்டு வெளியே வாருங்கள்.

கட்டுரையாளரிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் உங்கள் லேப்டாப் பட்டியலைத் திருத்தி, ஒவ்வொரு மாடலுக்கும் எதிரே வாட்டையும் சோதித்த அறையின் வெப்பநிலையையும் எழுதுங்கள். எழுத முடியாத மாடலைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.