பதில் ஆசிரியைக்கு நாம் போட்டது கால் பேர்

தோழர்களே, எங்கள் தோட்டப் பாடசாலையில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை பிரசவ லீவில் போனார். அரச ஊழியருக்கு 84 வேலைநாள் முழுச் சம்பளத்தோடு லீவு உண்டு. அது அவருடைய உரிமை. ஆனால் அந்த 84 நாளும் பிள்ளைகளுக்கு யார் படித்துக்கொடுப்பது? பதிலுக்கு எவரும் அனுப்பப்படவில்லை. கடைசியில் பணிய லயத்தில் உயர்தரம் சித்தியடைந்து சும்மா இருந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வீட்டுக்கு வீடு சேர்த்துக் கொடுத்த காசு, கொழுந்தெடுப்பவரின் ஒரு கிழமைச் சம்பளத்துக்கும் காணாது. நிறை குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்கள் என்று ஆபீஸ் வாசலில் நின்று சத்தம் போடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு நாமே போட்டது கால் பேர்.

ஆசிரியை திரும்பி வந்ததும் அவளை நிறுத்திவிட்டோம். கையில் ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை.

இப்படி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்? "படிப்பித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் நிரந்தரமாக்குவார்கள்" என்று அவர்களிடம் சொல்லிவைப்பது பெரிய பாவம். ஆசிரியர் சேவைக்குள் போகும் வழி வேறு. உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு கல்வியியற் கல்லூரிக்கான வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்திருந்து விண்ணப்பிக்க வேண்டும். பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி நம் கண்முன்னே இருக்கிறது. இரண்டு வருடம் அங்கே தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி, பிறகு நியமனம். பட்டம் முடித்துப் போவது இன்னொரு வழி. பதில் வேலையில் இரண்டு மூன்று வருடத்தைக் கரைத்தால் வயதெல்லை தாண்டிவிடும். இதைப் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டும்.

உதவி ஆசிரியர் நியமனமும் நமக்குத் தெரிந்த கதைதான். சுமார் 3,000 பேரைத் தோட்டப் பாடசாலைகளுக்கு எடுத்து, மாதம் 6,000 ரூபாய் கொடுத்தார்கள். பிறகு அது 10,000 ஆனது. பயிற்சி முடித்த பிறகே சேவைக்குள் வந்தார்கள். அந்தச் சம்பளத்தில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன மிஞ்சியிருக்கும்? ஆனாலும் அவர்கள் கையில் நியமனக் கடிதம் இருந்தது. அதை வைத்துத்தான் சங்கங்களும் பேசின.

ஆகவே பதிலுக்குப் போகும் பிள்ளை முதல் நாளே அதிபரிடம் தொடங்கும் திகதி போட்ட கடிதம் கேட்க வேண்டும். சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் பதிவு, தினமும் கையெழுத்து, முடியும்போது சேவைச் சான்று, பிரதி ஒன்று வலயக் கல்விப் பணிமனைக்கு. இதனால் நியமனம் கிடைத்துவிடாது. வடக்கு கிழக்கில் தொண்டர் ஆசிரியர்கள் நியமனம் கேட்டபோதும் சேவைக்காலத்தை நிரூபிக்கத்தான் சொன்னார்கள்.

சங்கத்திடம் என் கோரிக்கை ஒன்றுதான். நீண்ட லீவு எடுக்கும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் பதிலாக, மாகாணக் கல்வித் திணைக்களமே நாட்சம்பளம் கொடுத்து, பயிற்சி பெற்று நியமனத்துக்குக் காத்திருப்பவர்களை அனுப்ப வேண்டும். அடுத்த மாவட்டக் கூட்டத்தில் தலைவர்மார் இதைத் தீர்மானமாக எடுக்கட்டும். அதுவரை எங்கள் தோட்டக் கமிட்டி அந்தப் பிள்ளைக்கு மிச்சம் கொடுக்க வேண்டிய காசைச் சந்தாவிலிருந்தாவது கொடுக்கட்டும்.