வீடு வாங்கி விற்கும் வியாபாரம்

அமெரிக்காவில் 'ஹவுஸ் பிளிப்பிங்' என்னும் வியாபாரம் நெடுங்காலமாக நடந்து வருகிறது. சிதிலமான வீடொன்றைச் சகாய விலைக்கு வாங்கி, சில மாதங்களில் செப்பனிட்டு, கூடிய விலைக்கு விற்றுவிடுவதே அதன் சாராம்சம். அந்நாட்டுத் தொலைக்காட்சியில் இது வேடிக்கைக் காட்சியாகவே காட்டப்படுகிறது. அவற்றைக் கண்டு, சென்னையிலும் வாலிபர் பலர் கைச்சேமிப்பையும் பாங்கிக் கடனையும் நம்பி இதில் இறங்க ஆவல் கொண்டிருக்கின்றனர். அவர்களுடைய ஊக்கத்தை நாம் குறை கூறவில்லை. பாழடைந்த வீடு குடியிருக்கத் தகுந்ததாக மாறுவது ஜனங்களுக்கு நன்மையே. ஆனால் அமெரிக்கரின் முறையை மட்டும் தருவித்துக்கொண்டு, நம் நாட்டு வரியையும் சட்டத்தையும் மறந்துவிடுகிறவர், லாபம் என்று எண்ணி நஷ்டத்தையே வாங்குவார் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 60 லட்சம் ரூபாய்க்குப் பழைய வீடொன்றை வாங்கி, 6 லட்சம் செலவில் புதுப்பித்து, 10 மாதங்களில் 80 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். 14 லட்சம் லாபம் என்று அவர் மனம் கணக்கிடும். தமிழ்நாட்டில் 2023-ஆம் வருஷத்திய மாற்றத்திற்குப்பின் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இவ்வகையில் 5,40,000 ரூபாய் போய்விடும். 45 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியானால், 10 மாதத்துக்கு 3,37,500 ரூபாய். வாங்கும்போதும் விற்கும்போதும் தரகு நூற்றுக்கு ஒன்று வீதம் 1,40,000 ரூபாய். இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 3,82,500 ரூபாயே. விற்பனை நான்கு மாதம் தாமதித்தால் வட்டி மாத்திரம் 1,35,000 ரூபாய் ஏறும். அன்றியும், அவரிடம் 80 லட்சத்துக்கு வாங்குகிறவர் தம் பங்குக்கு 7,20,000 ரூபாய் தீர்வையும் கட்டணமும் செலுத்த வேண்டும். ஆகையால் அவர் விலையைக் குறைத்துக் கேட்பது இயல்பே.

இத்தொழிலில் பழகிய அமெரிக்கர் தமக்கென்று ஒரு விதி வைத்திருக்கின்றனர். செப்பனிட்டபின் வீடு என்ன விலை போகுமோ, அதில் 70 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, பழுதுபார்க்கும் செலவை அதிலிருந்து கழித்து, மிஞ்சும் தொகைக்கு மேல் கொடுத்து வாங்கலாகாது என்பதே அது. நமது உதாரணத்தில் அத்தொகை 50 லட்சம். அதாவது நம் வாலிபர் அமெரிக்கரின் விதிப்படியே 10 லட்சம் அதிகமாகக் கொடுத்துவிட்டார்! டெக்ஸாஸ் போன்ற ராஜ்யங்களில் சொத்து கைமாறுவதற்கு வரியே கிடையாது. அப்படிப்பட்ட இடங்களிலும் 30 சதவீத இடைவெளி வேண்டுமென்றால், நூற்றுக்கு ஒன்பது வாசலிலேயே கொடுக்கும் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? லாபம் விற்கும் நாளில் கிடைப்பதன்று. வாங்கும் நாளிலேயே நிர்ணயமாகிவிடுகிறது.

வருமான வரியும் அவசரக்காரருக்கு அனுகூலமாக இல்லை. வீட்டை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23 முதல் அமலுக்கு வந்த விதிப்படி லாபத்துக்கு 12½ சதவீதம் வரி. அதற்குள் விற்றாலோ லாபம் மற்ற வருமானத்தோடு சேர்க்கப்பட்டு, அவரவர் படிநிலைக்கேற்ப 30 சதவீதம் வரை வரி விழும். அடிக்கடி வாங்கி விற்பவரின் லாபத்தை வியாபார வருமானமாகவே அதிகாரிகள் கருதவும் கூடும். வேகத்தையே ஜீவனாகக் கொண்ட தொழிலுக்கு, வேகத்தையே தண்டிக்கும் வரி வாய்த்திருக்கிறது.

எனினும் பணக் கணக்கைவிடப் பெரிய அபாயம் பாத்தியதையில் இருக்கிறது. சகாய விலைக்கு வரும் பழைய வீடுகளில் பல, வாரிசுகள் பலர் உள்ள பூர்வீக வீடுகள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டென்று தமிழ்நாடு 1989-லும், மத்திய சர்க்கார் 2005-லும் சட்டம் செய்தன. 2005-க்கு முன்பே தந்தை இறந்திருந்தாலும் அவ்வுரிமை அழியாது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சகோதரர் மூவர் மாத்திரம் கையெழுத்திட்ட பத்திரத்தை நம்பி வாங்கியவர், வேறூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் சகோதரியின் வக்கீல் நோட்டீஸைப் பெற நேரிடும். வில்லங்கச் சான்று பதிவான தஸ்தாவேஜுகளையே காட்டும். பதிவாகாத உயிலை அது காட்டாது. வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கியவர் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம் கூறுகிறது. ஒரு வியாஜ்யம் முளைத்தால் 10 மாதக் கணக்கு 10 வருஷக் கணக்காகிவிடும். பாங்கியின் வட்டியோ ஒரு நாளும் நிற்காது.

தீர்வையை மிச்சப்படுத்துவதாகச் சொல்லிச் சில தரகர்கள் குறுக்கு வழி ஒன்று காட்டுகின்றனர். கிரயம் செய்யாமல், ஒப்பந்தமும் பொது அதிகாரப் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டு, மற்றொருவருக்குக் கைமாற்றிவிடலாம் என்பது அவர்கள் போதனை. இத்தகைய பத்திரங்களால் சொத்துரிமை மாறாது, பதிவு செய்த கிரய சாஸனத்தாலேயே மாறும் என்று 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஐயத்துக்கு இடமின்றிக் கூறிவிட்டது. தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு எப்படி விற்க முடியும்?

இத்தொழிலில் வாங்குகிறவரின் நலனும் அடங்கியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வேளச்சேரியும் பட்ட பாட்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சித்திரை வெயிலில் புதுச் சாயம் பூசிக் காட்டப்படும் வீடு, கார்த்திகை மழையில் எப்படியிருக்கும் என்பதை விற்கிறவர் அறிவார். தாம் அறிந்ததும், வாங்குகிறவர் சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறையை மறைக்கக்கூடாது என்பது சட்டம். அமெரிக்காவில் மேற்பூச்சு வேலையால் ஏழை மக்கள் ஏமாற்றப்பட்டதன் பேரில், வாங்கி 90 நாட்களுக்குள் மறுபடி விற்கப்படும் வீட்டுக்குச் சர்க்கார் காப்புறுதியுள்ள கடன் கிடையாது என்று 2003-ல் விதி செய்தனர். வேலியில்லாமல் இவ்வியாபாரத்தை விடக்கூடாது என்பதை அதன் தாயகமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

பெருமுதல் உடையவருக்கும் இதில் ஜயம் நிச்சயமன்று. கணக்குப் பொறிகளின் துணையால் வீட்டு விலையை மதிப்பிட்டு, ஆயிரக்கணக்கில் வாங்கி விற்ற ஜில்லோ என்னும் அமெரிக்கக் கம்பெனி, விலையின் போக்கை முன்கூட்டி அறிய முடியவில்லை என்று கூறி, 2021 நவம்பரில் அப்பிரிவையே மூடுவதாக அறிவித்தது. வாங்கிய வீடுகளின் மதிப்பில் மட்டும் ஒரே காலாண்டில் 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுத நேர்ந்தது.

அப்படியானால் புதிதாகத் தொடங்குகிறவர் செய்ய வேண்டியது என்ன? தாம் நன்கறிந்த ஒரு பேட்டையை மாத்திரம் தேர்ந்துகொள்ளட்டும். அங்கே பதிவான விலைகளை ஆறு மாதம் கவனிக்கட்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் தரகர் காட்டாத வக்கீல் ஒருவரிடம் கொடுத்துப் பரிசீலிக்கட்டும். மழைக்காலத்தில் ஒருமுறை வீட்டைப் பார்க்கட்டும். இரண்டு வருஷம் விற்காவிட்டாலும் வாடகையாலும் சம்பளத்தாலும் தவணை கட்ட இயலுமா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். இயலாதென்றால் அந்த வீட்டை விட்டுவிடுவதே விவேகம். சென்னையில் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு குடும்பத்தின் இருபது வருஷச் சேமிப்போ ஒருமுறை போனால் எளிதில் திரும்பாது.