பிழைதிருத்தமும் பதிப்பு எண்ணும்

பழைய தமிழ் நூல்களைப் புரட்டுவோர் கடைசிப் பக்கத்தில் 'பிழைதிருத்தம்' என்னும் பட்டியலைக் கண்டிருப்பர். பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு பத்திகள். ஒற்றுப்பிழைதானே என்று பதிப்பாசிரியர் விட்டுவிடவில்லை. தம் குறையைத் தாமே அச்சேற்றி வாசகர் கையில் கொடுத்தார். மூல நிரலை யாவர்க்கும் திறந்து வைக்கும் திறமூல மென்பொருள் உலகில் அப்பண்பு எவ்வாறு பேணப்படுகிறது என்பதை ஈண்டு எழுத விழைகிறோம்.

நூல்களை அச்சுக்கோப்பதற்கென 'டெக்' என்னும் மென்பொருளை ஆக்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் க்னூத். அதில் பிழை கண்டுபிடிப்போர்க்குப் பரிசுக் காசோலை அனுப்புவதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். தாம் இழைத்த பிழைகளையெல்லாம் வகைப்படுத்தி 1989இல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார். மூன்றாம் பதிப்பிற்குப் பின் புதிய வசதி எதையும் சேர்ப்பதில்லை என்று உறுதிபூண்டார். அதன்பின் வரும் ஒவ்வொரு திருத்தப் பதிப்பிற்கும் 'பை' என்னும் கணித மாறிலியின் ஓர் இலக்கம் கூடும். 2014இல் 3.14159265 என்றிருந்த எண் 2021இல் 3.141592653 ஆயிற்று. ஏழாண்டுகளில் ஓர் இலக்கம்! இவ்வளவு பொறுமை எல்லார்க்கும் வாய்க்காது என்பதையும் அறிவோம்.

இன்றைய மென்பொருள் எதுவும் தனித்து நிற்பதில்லை. பிறர் எழுதி இலவசமாக அளித்த நூற்றுக்கணக்கான கூறுகளின் மீது அது நிற்கிறது. ஆதலின் பதிப்பு எண் மூன்று பகுதிகளாக எழுதப்படுகிறது. முதல் எண் மாறினால் பழைய பயன்பாடு முறியக்கூடும். நடு எண் மாறினால் புதிய வசதி வந்துள்ளது. கடைசி எண் மாறினால் பிழை மட்டுமே களையப்பட்டுள்ளது. ஒருமுறை வெளியிட்ட எண்ணின் கீழ் உள்ளடக்கத்தை மாற்றலாகாது என்பதும் விதி. இவ்வெண்ணை நம்பியே பலருடைய கணினிகள் கடைசி எண் கூடிய பதிப்பைக் கேள்வியின்றித் தாமாகவே ஏற்றுக்கொள்கின்றன. எனவே அந்தக் கடைசி எண் ஓர் அமானிதம் என்பதே எமது துணிபு.

அந்நம்பிக்கை முறிந்ததும் உண்டு. 2022 ஜனவரியில் 'கலர்ஸ்' என்னும் சிறு கூறு 1.4.0இலிருந்து 1.4.1 ஆயிற்று. பார்வைக்குச் சிறு திருத்தம். உள்ளேயோ முடிவற்ற சுழற்சி. பெரு நிறுவனங்கள் தம் உழைப்பை ஊதியமின்றிப் பயன்படுத்துகின்றன என்ற மனக்குறை அதை எழுதியவருக்கு இருந்தது. அக்குறையில் நியாயம் உண்டு, மறுக்கமாட்டோம். ஆயினும் வழக்கைத் திருத்தத்தின் உறைக்குள் வைத்து அனுப்பியதை ஏற்பதற்கில்லை. பாதிக்கப்பட்டோருள் அவரைப் போன்றே ஊதியமின்றி உழைத்தவர்களும் இருந்தனர்.

மறுபுறம், 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்னும் கூறில் மிகக் கொடிய பாதுகாப்புப் பிழை வெளிப்பட்டது. 2.15.0 வந்தது; அத்திருத்தம் முழுமையன்று எனத் தெரிந்து 2.16.0 வந்தது, வேறொரு குறை தென்பட 2.17.0, பின்னர் 2.17.1 என ஒரே மாதத்தில் நான்கு பதிப்புகள். இத்தனை முறை திருத்துவதா என்று எள்ளியோரும் உளர். எமக்கு அது இழிவாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு குறைக்கும் புதிய எண் இட்டு, காரணத்தையும் எழுதி வெளியிட்டனர். ஜாவாவின் பழைய பதிப்புகளை விட்டு நகர இயலாதவர்களுக்கென 2.12, 2.3 என்னும் பழைய வரிசைகளுக்கும் திருத்தத்தைக் கொண்டு சேர்த்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தன்னார்வலர்கள் என்பது கருதத்தக்கது.

'எல்லாரும் புதியதற்கு வந்துவிட்டால் பழையதைத் திருத்த வேண்டியதில்லையே' என்பார் வாதம் எமக்கு உடன்பாடன்று. மாற இயலாதவரும் பயனரே. பழைய கணினியோடு காலந்தள்ளும் சிறு அலுவலகத்திற்குப் புதிய வசதிகள் தேவையில்லை. ஓட்டை அடைபட்டால் போதும். திருத்தத்தோடு புதுமையையும் சேர்த்துக் கட்டி அனுப்பினால், புதுமைக்கு அஞ்சி அவர்கள் திருத்தத்தையும் விலக்கிவிடுவர்.

இன்னொன்று. 'பல பிழைகள் களையப்பட்டன' என்னும் ஒற்றை வரியோடு வெளிவரும் பதிப்புகள் ஏராளம். எந்தப் பிழை, எந்தப் பதிப்பில் புகுந்தது, எவரைப் பாதிக்கும் என்று ஒன்றும் இராது. நிரல் எழுதப் பழகும் நம் மாணவர்கள் முதற்பதிப்பை வெளியிடும்போதே அந்தப் பழைய நான்கு பத்திப் பட்டியலையும் அதனோடு தொடங்கிவிட வேண்டும் என்று விரும்புகிறோம்.