பெயரறியா மலைக்குப் படம் ஒரு கேடா?

என்னிடம் தமிழ் பயின்று, இன்று பெருநகரில் கைநிறையப் பொருளீட்டும் மாணவர் ஒருவர், சென்ற கோடை விடுமுறையில் படத்தொகுப்பு ஒன்றைக் கொணர்ந்து என் கையில் தந்தார். நாற்பது ஒளிப்படங்கள். (புகைப்படம் என்று எழுதுவோர், அதில் புகை எங்கே உள்ளதென்று காட்டிவிட்டு எழுதட்டும்.) முதுகில் 15 கிலோ பொதி சுமந்து, பழனிமலைத் தொடரில் நான்கு நாள் நடந்து எடுத்தவையாம். படங்கள் அழகியவை, மறுப்பேன் அல்லேன். வைகறையில் மஞ்சு பள்ளமெல்லாம் தேங்கிக் கிடக்க, முகடுகள் தீவுகளாய் எழுந்து நிற்கும் படத்தை நெடுநேரம் பார்த்திருந்தேன்.

"தம்பி, இம்மலைக்குப் பெயரென்ன?" என்றேன்.

"வியூ பாயிண்ட் ஐயா."

"அடுத்தது?"

"அது இன்னொரு வியூ பாயிண்ட்."

நாற்பதனுள் முப்பத்தாறுக்குப் பெயரில்லை. பெயருள்ள நான்கிற்கும் வெள்ளைக்காரன் இட்ட பெயர்! ஒரு வீட்டிற்குள் புகுந்து, அங்கிருந்த மூதாட்டியைப் படமெடுத்து வந்து, யாரென்று கேட்டால் 'ஏதோ ஒரு கிழவி' என்பானை நாம் என்னென்போம்? மலையென்றால் மட்டும் அது கலையாகிவிடுமோ?

இயற்கை மொழிகடந்தது, படத்திற்கு மொழியேது என்றார் அவர். ஆன்சல் ஆடம்சைப் பாருங்கள், மலைப்படக் கலைக்கே தலைமகன், அவர் படங்களைக் காண மொழி வேண்டுமா என்றும் கேட்டார். நன்று, அந்த ஆடம்சிடமே செல்வோம்.

1927 ஏப்பிரல் 10ஆம் நாள், 25 அகவை இளைஞரான ஆடம்சு, கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் கருவியும் முக்காலியும் கண்ணாடித் தகடுகளும் சுமந்து பனிச்சரிவில் ஏறினார். முகட்டை அடைந்தபோது எஞ்சியவை இரண்டே தகடுகள். மஞ்சள் வடிப்பான் இட்டு ஒன்றை எடுத்தார், உள்ளம் நிறையவில்லை. அடர்சிவப்பு வடிப்பான் இட்டு இறுதித் தகட்டைச் செலவிட்டார். வானம் கருத்தது, பாறை எழுந்து நின்றது. உலகப்புகழ் பெற்ற அப்படத்திற்கு 'ஒற்றைப்பெருங்கல்: அரைக் குவிமாடத்தின் முகம்' என்று பெயர். உழைப்பையும் திறத்தையும் போற்றுகின்றேன். ஆனால் அது யாருடைய முகம்? அப்பள்ளத்தாக்கிலேயே பிறந்து வாழ்ந்த அவானிச்சி மக்களுக்கு அப்பாறை திசையாக் என்னும் பெண். கணவனோடு பூசலிட்டுக் கல்லாய்ச் சமைந்தவள். அவள் கண்ணீர் வழிந்த தடமே பாறையிற் காணும் கருங்கோடுகள் என்பது அவர்தம் வழிவழிக் கதை. முகத்தைப் படமெடுத்தாயிற்று, முகத்துக்குரியவள் பெயர் படத்தில் இல்லை.

அப்பெயர் தானாக மறைந்ததா? 1851இல் மாரிப்போசாப் படை என்னும் வெள்ளையர் படை அம்மக்களைப் பிடித்துக் காப்பிடத்திற்கு ஓட்டிச் சென்றது. மலைமேல் ஓர் ஏரிக்கரையில், பிடிபட்ட தலைவர் தெனாயாவிடம், "இவ்வேரிக்கு உம் பெயரையே வைத்துவிட்டோம்" என்று பெருமையுடன் கூறினான் பன்னல் என்னும் படைஞன். முதியவர் மகிழவில்லை. அதற்கு முன்பே பெயருண்டு, பைவியாக் என்பது அது என்றார். ஒளிரும் பாறைகளையுடையது என்பது அப்பெயரின் பொருளாம். இதனைப் பின்னர் 1880இல் வெளியிட்ட தன் நூலில் எழுதிவைத்தவனும் அப்பன்னலே! இன்றும் நிலப்படத்தில் அது தெனாயா ஏரி. மண்ணைப் பறித்தவன், பறிகொடுத்தவன் பெயரையே அம்மண்ணுக்கு ஈகையாக வழங்குகின்றான், ஈதன்றோ கொடுமை! தம் பள்ளத்தாக்கை அம்மக்கள் அவானி என்றனர். யோசெமிட்டி என்பதோ, 'அவர்கள் கொலைஞர்' என்று அயலார் அவர்களைச் சுட்டிய சொல். அப்பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த அவர்தம் குடியிருப்பும் 1969இல் பூங்கா ஆட்சியினரால் இடித்தகற்றப்பட்டது.

ஆடம்சு கொடியவர் அல்லர். போர்க்காலத்தில் அடைத்துவைக்கப்பட்ட சப்பானிய வழியினரை 1943இல் மன்சனார் முகாமில் படமெடுத்து, அவர்க்கிழைத்த தீங்கை உலகறியச் செய்தவர். நான் சொல்வது வேறு. ஆளில்லாத் தூய மலை என்று நாம் வியந்து நோக்கும் காட்சி, ஆட்களை அகற்றியபின் கிடைத்த காட்சி. மொழிகடந்த இயற்கை என்பது, ஒரு மொழியை வாயடைத்தபின் பேசும் பேச்சு.

இனி நம் மலைகளுக்கு வருவோம். கடலையே காணாத பாறைக்கு ஓங்கிலின் மூக்காம், 'டால்பின் நோசு'! குன்னூரில் ஒன்று, கோடைக்கானலில் ஒன்று. அதே கோடைமலையில் ஒரு முழைஞ்சினைப் 'பேயின் அடுக்களை' என்றனர் ஆங்கிலேயர். 1991இல் ஒரு திரைப்படம் வந்தது, அன்று முதல் அது 'குணா குகை'. ஆங்கிலேயனுக்கு முன் அங்குத் தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் வாழ்ந்த பளியர் அதனை என்ன சொல்லி அழைத்தனர்? படமெடுத்த பல்லாயிரவருள் ஒருவரேனும் கேட்டதுண்டா? வடவர் செய்த கேடும் இதற்கு இளைத்ததன்று. பத்துப்பாட்டுள் மலைபடுகடாம் பாடும் நன்னனின் நவிரமலையே இன்றைய பருவதமலை என்பர் அறிஞர். பருவதம் என்றால் வடமொழியில் மலை. ஆக, நவிரம் என்னும் தனிப்பெயர் போய், 'மலைமலை' என்றாயிற்று. விடுமுறைதோறும் பொதிசுமந்து அதில் ஏறும் இளைஞர்க்கு இச்சிரிப்பு விளங்குமா?

அந்த மலைபடுகடாத்தையேனும் அவர்கள் படித்தல் வேண்டும். 583 அடிகள். இசைக்கருவிகளைப் பையிலிட்டுச் சுமந்துசெல்லும் கூத்தர்க்கு மலைவழி கூறும் நூல் அது. பொதிநடையை மேலைநாட்டான் கண்டுபிடித்ததாகக் கருதுவோர் காண்க! பன்றிக்கு வைத்த பொறி எங்கிருக்கும், பாம்புறையும் குழிகளை எங்ஙனம் கடப்பது, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்குவது, வழுக்கும் இடத்தில் எதனைப் பற்றுவது, இரவில் எந்த அளையில் தங்குவது என்றெல்லாம் புலவர் அடுக்குகின்றார். மலையில் எழும் ஓசைகளைக் கேட்டுக் கேட்டு எண்ணுகின்றார். நூலுக்குப் பெயரே அவ்வோசைகளால் வந்தது. நம் முன்னோர்க்கு நிலம் முதற்பொருள் மட்டுமே. புள்ளும் மரமும் தொழிலும் மக்களுமாகிய கருவும், அவர்தம் ஒழுக்கமாகிய உரியும் சேர்ந்தாலன்றிக் குறிஞ்சி குறிஞ்சியாகாது. என் மாணவரின் படத்தொகுப்பில் தேயிலைச் சரிவு ஒன்றுண்டு. 'தீண்டப்படாத இயற்கை' என்று ஆங்கிலத்தில் அடிக்குறிப்பு! சோலைக்காட்டை அழித்து நட்ட பயிரன்றோ அது? கொழுந்து பறித்த பெண்கள் எங்கே என்றேன். சட்டகத்துள் வாராமல் சற்று ஒதுங்கச் சொன்னாராம்.

பெயரில் என்ன இருக்கிறது என்பாரும் உளர். வெள்ளியங்கிரி ஏறும் அடியார்களைக் கேளுங்கள். கைதட்டிச் சுனை, வழுக்குப்பாறை என்று அவர்கள் வாயில் வழிமுழுதும் இருக்கும். வழுக்குப்பாறை என்னும் பெயரைவிடச் சிறந்த எச்சரிக்கைப் பலகை உண்டோ? 2018 மார்ச்சுத் திங்களில் குரங்கணித் தீயில் இருபதின்மேற்பட்டோரை இழந்தோம். மாண்டாரைக் குறைகூற என் நா எழாது. மலையை அறிதல் உயிர்காக்கும் அறிவு என்பதற்கே அதனை நினைவூட்டுகின்றேன்.

2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைவழிகளைத் திறந்தது. திட்டத்தைத் 'திரெக் தமிழ்நாடு' என்று பரப்புகின்றனர். தமிழ்நாட்டில் நடப்பதற்கும் ஆங்கிலம் முன்செல்ல வேண்டும் போலும். எனினும் அவ்வழிகளில் மலைவாழ் இளைஞரை வழிகாட்டிகளாக அமர்த்தியது மெய்யாகவே நற்செயல். பெயர்கள் அவர்தம் வீட்டு முதியோரிடம் இன்னும் உள்ளன. ஒவ்வொரு முகட்டுக்கும் சுனைக்கும் அவர்கள் வழங்கும் பெயரைக் கேட்டெழுதி, வழிதோறும் பலகையில் தமிழெழுத்தில் பொறிக்க என்ன தடை? படவரியிலும் முகநூலிலும் மலைப்படம் இடும் தமிழர், அப்பெயரோடு இடுவதற்கு எவர் ஒப்புதல் வேண்டும்?

மாணவரின் தொகுப்பை நான் திருப்பித் தரவில்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வெள்ளைத்தாள் துண்டு ஒட்டிவைத்தேன். முகம் சுருங்கித்தான் போனார். ஆனால் சென்ற திங்கள் மீண்டும் மலையேறி, ஒரு பளியர் முதியவருடன் இரண்டு நாள் நடந்து வந்திருக்கின்றார். எட்டுத் துண்டுகளில் பெயர் ஏறிவிட்டது. முப்பத்திரண்டு இன்னும் வெறுமையாக உள்ளன.