வங்கி வரவு மட்டும் கணக்காகாது

2005-ல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டு இன்று இணையத்திலும் விற்கிறது. அந்த விற்பனைக்கு வங்கி வரவை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதுவது சரிப்படாது. ரேசர்பே போன்ற இணையக் கட்டணத் தளம் பல விற்பனைகளை ஒன்றாகச் சேர்த்து, தன் கட்டணத்தையும் அதற்கான ஜிஎஸ்டியையும் கழித்துக்கொண்டு, மீதியை ஒரே தொகையாக வங்கியில் போடுகிறது. எந்தச் சேலைக்கு எவ்வளவு என்பது அந்த ஒற்றை வரியில் தெரியாது. எனவே விற்பனை, ரீஃபண்ட், செட்டில்மெண்ட் (வங்கியில் போட்ட தொகை) மூன்றையும் தளத்தின் ஏபிஐ (நிரல்கள் தரவு பரிமாறும் இணைப்பு) வழியே தினமும் தானாகச் சொந்தத் தரவுத்தளத்துக்கு இழுப்பதே முறை.

எக்செல் போதாதா என்பார்கள். பத்து பில்லுக்குப் போதும். முகூர்த்த மாதத்துக்குப் போதாது. ரேசர்பேயின் ஏபிஐ தொகையைப் பைசாவில் தருகிறது: ரூ.18,500 சேலை 18,50,000 என்று வரும். நேரமோ யூனிக்ஸ் விநாடிகளில் வரும். அதை உலகப் பொது நேரத்திலிருந்து இந்திய நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி நேரம் கூட்ட மறந்தால், நள்ளிரவு தாண்டிய விற்பனை முந்தைய நாள் கணக்கில் விழும். இவற்றை நிரலில் ஒருமுறை சரிசெய்தால் தீர்ந்தது. வாடிக்கையாளர் விவரம் கசியாதா என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் கணக்குக்கு வேண்டியவை பரிவர்த்தனை எண், தொகை, தேதி. செல்போன் எண்ணை இழுக்கவே வேண்டாம். ஏபிஐ சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம். கடைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அடுத்த தீபாவளி விற்பனைக்கு முன்பே இதைத் தொடங்கட்டும்.